பால்கனியில் ஒரு பக்கெட்

துப்பறியும் புலியின் உச்சந்தலையில் மூன்றாவது சொட்டு விழுந்தபோது அவர் முக்கியமான தேடல் ஒன்றில் மூழ்கியிருந்தார். பேனாவின் மூடியைக் காணவில்லை.

"பேனாவோட பின்பக்கம் பாருங்க பாஸ்" என்றாள் மைனா, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மூடி அங்கேதான் இருந்தது.

'புலி' என்பது யாரும் கொடுத்த பட்டமில்லை. விசிட்டிங் கார்டு அடிக்கப் போன இடத்தில், பேருக்கு முன்னால் ஏதாவது போட்டால் எடுப்பாக இருக்கும் என்று அச்சகக்காரர் சொல்ல, நம்மவரே கூச்சப்படாமல் எழுதிக் கொடுத்தது. பதினாறு வருடச் சாதனை என்று பார்த்தால் மாப்பிள்ளை விசாரணை நாற்பது, காணாமல் போன நாய் ஏழு. அந்த ஏழில் நான்கு தாமாகவே வீடு திரும்பியவை. உதவியாளராகச் சேர்ந்து நான்கு வருடம் ஆகியும் மைனா அவரைப் புலி என்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. அவளுக்கு மைனா என்ற பெயரை மட்டும் அந்தக் கட்டிடமே ஒருமனதாக வைத்தது, அந்த வாய்க்காக.

நான்காவது சொட்டு விசிட்டிங் கார்டு டப்பாவுக்குள் விழுந்தது.

"ஏ.சி.யை சர்வீஸ் பண்ணி மூணு வருஷம் ஆச்சு பாஸ்."

"கூலிங் வருதில்ல? அப்புறம் என்ன?"

"வருது. கூடவே குளிக்கறதுக்கும் வருது."

பதில் சொல்ல வாயைத் திறந்த புலி, வாசலில் ஆள் நிற்பதைக் கண்டு அவசரமாகச் சட்டைக் காலரைச் சரிசெய்தார். தோளில் கருவிப் பை, கையில் ஒரு நீல பக்கெட், ஐம்பதை ஒட்டிய வயது. வந்தவர் புலியைப் பார்க்கவே இல்லை. சுவரின் உச்சியில் ஒழுகிக்கொண்டிருந்த ஏ.சி.யைத்தான் பார்த்தார்.

"சார், முதல்ல அதை நிறுத்துங்க. என்னால பார்க்க முடியல."

மைனா நிறுத்தினாள். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, நீல பக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் ஏ.சி. மெக்கானிக். எல்லாரும் கூலிங்னு கூப்பிடுவாங்க. நேத்து சாயங்காலத்துல இருந்து திருடன்னு கூப்பிடறாங்க."

விஷயம் இதுதான். நாலு மாடிக் குடியிருப்பு ஒன்றில், மூன்றாவது மாடியில் பல் டாக்டரம்மா வீடு. திங்கட்கிழமை காலை அவர்கள் படுக்கையறை ஏ.சி.யைக் கூலிங் சர்வீஸ் செய்தார். செவ்வாய் காலை டாக்டரம்மாவும் கணவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் மாநாட்டுக்குப் போனார்கள். நேற்று, வியாழக்கிழமை நாலு மணிக்குத் திரும்பினால், கட்டில் பக்கத்து மேஜையில் இருந்த கைக்கடிகாரத்தைக் காணவில்லை. டாக்டரம்மாவின் அப்பா கடைசி நாள்வரை கட்டியிருந்த சாவிகொடுக்கும் கடிகாரம். அறைத் தரையெல்லாம் தண்ணீர். அந்த அறைக்குள் போன வெளியாள் கூலிங் ஒருவர்தான்.

"இன்னிக்கு அஞ்சு மணிக்குக் குடியிருப்போர் சங்கக் கூட்டம். என் போட்டோவைப் போட்டு, 'இவரை உள்ளே விடாதீர்கள்'னு லிஃப்ட்ல ஒட்டப் போறாங்க. பக்கத்துல இருக்கிற நாலு குடியிருப்புக்கும் அனுப்பறாங்களாம். என் தொழில் என்ன சார்? முன்னப்பின்ன தெரியாத ஜனங்க படுக்கையறைக் கதவைத் திறந்து விடணும். திருடன்னு ஒரு வார்த்தை வந்துட்டா எவன் சார் திறப்பான்?" கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கோபம் வந்திருந்தது. "அதைக்கூடப் பொறுத்துக்குவேன். நான் சர்வீஸ் பண்ண மெஷின் ஒழுகுதுன்னு சொல்றாங்க பாருங்க!"

"ஒழுகலையா?"

"வேலை முடிஞ்சதும் ரெண்டு மக் தண்ணியை மெஷின் தட்டுல ஊத்தி, வெளிய குழாய்ல ஒழுங்கா வருதான்னு பார்க்காம நான் எந்த வீட்டை விட்டும் கிளம்பினதில்ல. திங்கட்கிழமை அருவி மாதிரி வந்தது. அப்புறம் வீடே பூட்டிக் கிடந்துச்சு. ஓடாத மெஷின் எப்படி சார் ஒழுகும்?"

மைனா புலியைப் பார்த்தாள். புலி மோவாயைத் தடவினார்.

"நான் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார்.

"இந்தக் கேஸை முடிச்சுக் குடுத்தா உங்க மெஷினையும் நான் பார்த்துத் தர்றேன் சார்."

"கேஸ் எடுத்துக்கிட்டோம்!" என்று மைனா எழுந்தேவிட்டாள்.

மணி இரண்டே முக்கால்.

*

குடியிருப்பில் எந்தக் கதவு திறக்க வேண்டுமானாலும் இரண்டாவது மாடிச் செயலாளரம்மாவின் அனுமதி வேண்டும். அறுபது வயது, தனியாள், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகத்தான் மனிதர்களைப் பார்ப்பார். ஹால் சுவரில் ஒரு பலகை. அதில் ஊருக்குப் போகிறவர்கள் நம்பி ஒப்படைக்கும் சாவிகள் வீட்டு எண்ணோடு வரிசையாகத் தொங்கின. லிஃப்டில் அவர் கையெழுத்தோடு ஒரு அறிவிப்பு இருந்ததை மைனா வரும்போதே உரக்கப் படித்திருந்தாள். 'ஏ.சி. ஃபில்டரை மாதம் இருமுறை கழுவவும். வெயில் காலத்துக்கு முன் சர்வீஸ் கட்டாயம். கழிவுநீர் கீழ்வீட்டார் மேல் சொட்டக் கூடாது.'

"டாக்டர் வீட்டுச் சாவியும் உங்ககிட்டதான் இருந்துச்சா மேடம்?" என்றார் புலி.

"செடிக்குத் தண்ணி ஊத்தறதுக்குக் குடுத்துட்டுப் போனாங்க. காலையில போவேன், ஊத்துவேன், பத்தே நிமிஷம், பூட்டிட்டு வந்துடுவேன்." கையிலிருந்த புகார் நோட்டால் விசிறிக்கொண்டார். "அந்த வீட்டு ஏ.சி. தண்ணி என் பால்கனி மேல இருக்கிற தகரத்துலதான் சொட்டும். டொக்கு டொக்குனு. மனுஷிக்குப் பைத்தியமே பிடிச்சிரும். பதினோரு புகார் எழுதியிருக்கேன், பாருங்க."

பார்த்தார்கள். பதினொன்றும் தேதி, நேரத்தோடு அழகாக இருந்தன.

"மதியத்துல யாராவது மேல போன சத்தம் கேட்டுச்சா?"

"மதியம் ஒரு மணிக்கு ஏ.சி.யைப் போட்டுக்கிட்டுப் படுத்தா நாலு மணிக்குத்தான் எழுந்திருப்பேன். ஒரு நாள் தவறாது. இன்னிக்குத்தான் இந்தக் கூட்ட வேலையால தூக்கம் கெட்டுப்போச்சு."

மேஜைமேல் அச்சடித்த தாள்கள் அடுக்கியிருந்தன. மேல் தாளில் கூலிங் சிரித்துக்கொண்டிருந்தார். அடையாள அட்டைக்காக எடுத்த படம். நிஜக் கூலிங்கைக் காவலாளி கேட்டிலேயே நிறுத்தி வைத்திருந்தார். "உங்க பொறுப்புல கூட்டிட்டுப் போங்க" என்று செயலாளரம்மா அனுமதி கொடுத்தார். புலி தன் கார்டை நீட்டினார். ஈரத்தில் இரண்டு கார்டுகள் ஒட்டிக்கொண்டு வந்தன.

*

டாக்டரம்மா கதவைத் திறந்தார். கூலிங்கைக் கண்டதும் முகம் இறுகியது. அவர் கணவர், கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர், பின்னால் ஒரு துடைப்பானோடு நின்றார். இருவரும் படுக்கையறைக்குள் கூடவே வந்தார்கள். தம்பி பக்கத்திலேயே ஒரு தனி அறையில் வாடகைக்கு இருந்தும் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போயிற்று என்று கணவர் புலம்பிக்கொண்டே வந்தார்.

புலி பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து மண்டியிட்டுத் தரையை ஆராய்ந்தார். முழங்கால் நனைந்தது. அதற்குமேல் தடயம் எதுவும் அகப்படவில்லை.

அதற்குள் கூலிங் பால்கனிக்குப் போய்விட்டார். அங்கிருந்து ஒரு கூச்சல்.

"சார்! இங்க வாங்க! இந்தப் பக்கெட்டை யாரு வெச்சது?"

பால்கனி மூலையில், ஏ.சி.யின் தண்ணீர்க் குழாய்க்கு நேர் கீழே ஒரு சிவப்பு பக்கெட். தளும்பத் தளும்பத் தண்ணீர். குழாயின் முனை அந்தத் தண்ணீருக்குள் ஒரு சாண் முங்கிக் கிடந்தது.

"நீங்கதான் விட்டுட்டுப் போயிருக்கீங்க" என்றார் டாக்டரம்மா.

"என் பக்கெட் நீலம்மா. இதோ கையில வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் சுத்தறேனே!" கூலிங் பரபரத்தார். "குழாய் முனை தண்ணியில முங்கினா காத்து போக வழியில்ல. தண்ணி வெளிய வராது. மெஷின் தட்டுலயே ரொம்பி, ரூமுக்குள்ள வழியும். இப்பப் பாருங்க."

குழாயைத் தூக்கினார். தடதடவென்று தண்ணீர் கொட்டிப் பால்கனியெல்லாம் ஓடியது. படுக்கையறைக்குள், நேற்றிலிருந்து விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்த ஏ.சி.யின் சொட்டு நின்றுவிட்டது.

"என் சர்வீஸ்ல குத்தம் இல்ல!" கூலிங் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தார். "குத்தம் இல்ல! எல்லாரும் பார்த்துக்குங்க!"

"திருட்டுக் கேஸ் அப்படியே இருக்கு அண்ணே" என்று மைனா நினைவூட்டினாள்.

"அது இருக்கட்டும்மா!"

புலிக்கு மூளை மின்னலாக வேலை செய்தது. பொதுவாக அது அவருக்கு ஆபத்தான அறிகுறி. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

"இந்த பக்கெட் ரொம்பறதுக்கு எத்தனை நேரம் ஏ.சி. ஓடணும், கூலிங்?"

"இந்தப் புழுக்கத்துக்கு... எட்டு, ஒன்பது மணி நேரம்."

"ஆக, பூட்டின வீட்டுக்குள்ள யாரோ ஏ.சி. போட்டு உட்கார்ந்திருக்காங்க. சாவி வெச்சிருக்கிற ஆள். வீட்டுல ஏ.சி. இல்லாத ஆள்." சட்டென்று திரும்பி டாக்டரம்மாவின் கணவரை நோக்கி விரலை நீட்டினார். "சார், உங்க தம்பிகிட்ட இந்த வீட்டுச் சாவி இருக்கா?"

கணவர் விழித்தார். "இருக்கு. ஏன்?"

"தனி ரூம்ல வாடகைக்கு இருக்கார். ஏ.சி. கிடையாது. சரியா?"

"சரிதான்..."

"வெளியில தண்ணி சொட்டினா ஆள் இருக்கிறது தெரிஞ்சுடுமேன்னு பக்கெட் வெச்சிருக்கார். வெயிலுக்கு ஒதுங்க வந்தவர், போகும்போது கடிகாரத்தையும் கட்டிக்கிட்டுப் போயிட்டார். உங்க தம்பி இப்போ எங்க?"

"ஆஸ்பத்திரியில."

"எதுக்கு?"

"கால் எலும்பு முறிஞ்சு, கட்டுப் போட்டு, ஒன்பது நாளா அவன் கால் மேல தொங்கிக்கிட்டு இருக்கு சார். அந்தக் காலோட மூணு மாடி ஏறி ஏ.சி. போட்டான்னு சொல்றீங்களா?"

புலியின் நீட்டிய விரல் எங்கே போவது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. கடைசியில் அதைக் காதுக்குக் கொண்டுபோய்ச் சொறிந்துகொண்டார். அசடு வழிந்த முகத்தைத் துடைக்க ஆளில்லாமல் தவித்தபோது மைனாதான் கை கொடுத்தாள்.

"பாஸ், கொஞ்சம் பால்கனிக்கு வர்றீங்களா? காத்து வாங்கலாம்."

போனார்.

"ஒரு சந்தேகம். நீங்க இந்த வீட்டுக்குத் திருட்டுத்தனமா வந்திருக்கீங்கன்னு வெச்சுக்குங்க. வெளியில ரெண்டு சொட்டு விழுந்தா உங்களுக்கு என்ன? எத்தனையோ ஏ.சி. சொட்டுது. எது எந்த வீட்டுதுன்னு யாரு அண்ணாந்து பார்க்கப் போறா?"

"யாரும் பார்க்கப் போறதில்ல."

"அப்போ, இந்த சொட்டு கீழ விழக்கூடாதுன்னு அக்கறை உள்ள ஆள் இந்த உலகத்துலயே எத்தனை பேரு?"

புலி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். கீழே செயலாளரம்மாவின் தகரம் வெயிலில் மின்னியது.

"அந்தம்மாவுக்குச் சொந்தமா ஏ.சி. இருக்கே! தினம் ஒரு மணியில இருந்து நாலு மணி வரைக்கும்..."

"தகரத்துக்கு அந்தப் பக்கம் பாருங்க. அவங்க ஏ.சி. குழாய்."

எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டியது. எதிர்வீட்டுக் குழாய் சொட்டியது. செயலாளரம்மாவின் குழாய் வாயில் மட்டும் சிலந்தி ஒன்று வலை பின்னி, நடுவில் ஒரு ஈயையும் பிடித்து வைத்துவிட்டு நிதானமாக உட்கார்ந்திருந்தது. தினம் மூன்று மணி நேரம் தண்ணீர் வரும் குழாயில் எந்தச் சிலந்தி குடித்தனம் நடத்தும்?

"நான் அதைத்தான்..." என்று ஆரம்பித்த புலி, மைனாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை விழுங்கினார்.

*

எல்லாரும் சிலந்தியை எட்டிப் பார்த்துவிட்டு, நாலரை மணிக்கு ஐந்து பேருமாகக் கீழே இறங்கினார்கள். செயலாளரம்மா கூட்டத்துக்குப் புடவை மாற்றித் தயாராக இருந்தார். புலி கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார்.

"வெக்கை தாங்கல மேடம். கூட்டத்துக்கு இன்னும் அரைமணி இருக்கே. உங்க ஏ.சி. ரூம்ல கொஞ்சம் உட்கார்ந்து பேசலாமா?"

"அங்க... சாமான் எல்லாம் இறைஞ்சு கிடக்கு."

"பரவாயில்லீங்க, ஓரமா நிக்கறோம்" என்று மைனா அதற்குள் அறை வாசலில் இருந்தாள். ரிமோட்டை எடுத்து அமுக்கினாள். ஏ.சி. முனகிற்று. உள்ளிருந்து வந்தது சூடான காற்றும் ஒரு புழுதி நெடியும்தான்.

கூலிங் காதைச் சாய்த்துக் கேட்டார். அவர் முகத்தில் குற்றம் சாட்டும் பாவமே இல்லை. நோயாளியைப் பார்க்கும் கவலைதான் இருந்தது. "அம்மா, இந்த ஃபில்டரைக் கடைசியா எப்போ கழுவினீங்க?"

செயலாளரம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாமல் அவர் சாதாரணமான, களைத்துப்போன ஒரு பெண்மணியாக இருந்தார்.

"வாங்கினதுல இருந்து கழுவல" என்றார். "நின்னு ரெண்டு மாசம் ஆச்சு. ஊருக்கெல்லாம் சட்டம் போட்டு லிஃப்ட்ல ஒட்டிட்டு, நானே கழுவலைன்னு தெரிஞ்சா சிரிப்பாங்களேன்னு யாரையும் கூப்பிடல. செவ்வாய்க்கிழமை செடிக்குத் தண்ணி ஊத்தப் போனேன். ஒரு அரைமணி உட்கார்ந்துட்டு வரலாம்னு ஏ.சி.யைப் போட்டேன். அப்படியே தூங்கிட்டேன். மறுநாளும் போனேன். தண்ணி என் தகரத்துல டொக்கு டொக்குனு சொட்டினா... எனக்கே பொறுக்காது. முதல் நாளே ஏ.சி. போட்டதும் குழாய்க்குக் கீழ என் சிவப்பு பக்கெட்டை வெச்சுட்டேன்."

"நேத்து?" என்றார் புலி, மெதுவாக.

"தூக்கத்துல சளசளன்னு சத்தம். முழிச்சுப் பார்த்தா தண்ணி சுவரெல்லாம் வழிஞ்சு, மேஜையில இருந்த கடிகாரம் தண்ணிக்குள்ள கிடக்கு. ஓடல. துணியில சுத்தி எடுத்துட்டு ஓடி வந்துட்டேன். காய வெச்சு, ஓட வெச்சு, திரும்ப வெச்சுடலாம்னுதான். அதுக்குள்ள இவங்க வந்துட்டாங்க."

எழுந்து சமையலறைக்குப் போனார். அரிசி டப்பாவுக்குள் கைவிட்டு ஒரு துணி முடிச்சை எடுத்துவந்து டாக்டரம்மாவின் கையில் வைத்தார். டாக்டரம்மா பிரித்தார். ஒட்டியிருந்த அரிசியை ஊதிவிட்டு, பழக்கதோஷத்தில் சாவி கொடுத்துக் காதில் வைத்துக் கேட்டார். ஓடவில்லை. அவர் கண் கலங்கியது.

"இதைக்கூட விடுங்க" என்றார். "ஒரு மனுஷன் போட்டோவை அச்சடிச்சு அடுக்கி வெச்சிருக்கீங்களே. எப்படி மனசு வந்துச்சு?"

"நீங்க வந்ததும் முதல் வார்த்தையா 'மெக்கானிக்தான் எடுத்திருக்கணும்'னு சொன்னீங்க. நான் வாயைத் திறக்கல. அப்புறம் எல்லாரும் அதையே சொன்னாங்க. நோட்டீஸ் போடச் சொன்னாங்க. செயலாளர் நான்தானே, போட்டேன்." அவர் கூலிங்கை நிமிர்ந்து பார்க்க முயன்றார். முடியவில்லை. "ராத்திரி பூரா தூங்கல. அதனால உங்களுக்கு என்ன பிரயோஜனம்?"

டாக்டரம்மா தலை குனிந்தார். முதல் வார்த்தை தன்னுடையது என்பது அவருக்கும் உறைத்திருந்தது.

"சிலந்தி வலையை வெச்சுக் கண்டுபிடிச்சது நீங்களா சார்?" என்று கணவர் புலியைக் கேட்டார், தம்பி விஷயத்தை மன்னிக்கத் தயாரானவராக.

ஆமாம் என்று சொல்ல எல்லா வசதியும் இருந்தது. நாக்கு நுனிவரை வந்தும் விட்டது.

"இல்லீங்க. இவதான். நான் கண்டுபிடிச்சது உங்க தம்பியை" என்றார் புலி.

ஐந்து மணிக் கூட்டத்தில் புலி பேச வேண்டியிருக்கும் என்று தொண்டையைச் செருமி, பூதக்கண்ணாடியைத் துடைத்து வைத்திருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. செயலாளரம்மாவே எழுந்து, இருபத்துமூன்று வீட்டுக்காரர்கள் முன்னால், ஏ.சி.யில் தொடங்கி அரிசி டப்பா வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார். தாள்களை எல்லார் கண்ணெதிரிலும் கிழித்தார். டாக்டரம்மா எழுந்து கூலிங்கிடம் மன்னிப்புக் கேட்டார். நாற்காலியில் இருந்த பலர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் கூலிங் கருவிப் பையைத் தோளில் மாட்டினார். கிளம்பப் போகிறார் என்றுதான் புலி நினைத்தார். அவரோ செயலாளரம்மாவின் பின்னாலேயே இரண்டாவது மாடிக்கு ஏறினார். புலியும் மைனாவும் அவர் பின்னால் ஏறினார்கள்.

"உங்க மெஷினைப் பார்த்துடறேம்மா. மனசு கேட்கல."

"நீங்களா? எனக்கா?"

"மெஷின் என்ன பாவம் பண்ணுச்சு?" படுக்கையறை வாசலில் நின்றார். உள்ளே போகவில்லை. "ஆனா ஒண்ணு. நீங்க கூட நின்னு பார்த்துக்கிட்டே இருக்கணும். இனிமே யாராவது பக்கத்துல நின்னாத்தான் நான் வேலை செய்வேன்."

இதைச் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. முப்பது வருடத் தொழிலில் இப்படி ஒரு நிபந்தனை அவர் போட்டிருக்க மாட்டார் என்பது புலிக்கே தெரிந்தது. அதற்குத் துப்பு எதுவும் தேவைப்படவில்லை.

செயலாளரம்மா அறைக்குள் போனார். பீரோவின் பூட்டிலேயே சாவிக்கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்ததைப் புலி பார்த்தார். எடுக்கப் போகிறார் என்று நினைத்தார். அன்றைக்கு அவர் தப்பாக நினைத்த நான்காவது விஷயம் அது. செயலாளரம்மா தூசி விழாமலிருக்கத் தலையணையையும் போர்வையையும் மட்டும் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"நான் போய் எல்லாருக்கும் டீ போடறேன்" என்றார். "அவசரமில்லாம பாருங்க. ஏதாவது வேணும்னா கூப்பிடுங்க." திரும்பிப் பார்க்காமல் சமையலறைக்குப் போய்விட்டார்.

கூலிங் கொஞ்ச நேரம் அந்தச் சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். ஃபில்டரை உருவியதும் ஒரு கம்பளி அளவுக்குப் புழுதி வந்தது. அதைக் கண்டு அவர் முகம் மலர்ந்துவிட்டது.

அப்போதுதான், வாசலில் பூதக்கண்ணாடியோடு நிற்கும் புலி அவர் கண்ணில் பட்டார்.

"நீங்களும்தான் சார்" என்றார் கூலிங். "கதவைச் சாத்திட்டுப் போங்க."

புலி சாத்திவிட்டுப் போனார்.